மேடம் கலந்து வைத்த தூசி

முதலில் அந்த நகைச்சுவையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். திருவொற்றியூரில் குடியிருப்பவன், நிலக்கரித் தூசி, சாம்பல் தூசி, கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி என்று மூன்று வேளையும் தூசி தின்று வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் பிழைப்புக்குத் தேர்ந்தெடுத்தது, விண்மீன் திரள்களுக்குள் கிடக்கும் தூசியை அளக்கும் வேலை. “வூட்டு ஜன்னல்ல ஒரு இஞ்ச் கீது, அத்தத் தொடைக்கத் துப்பில்ல, வானத்துல கீறத அளக்க ஸ்கேல் எடுத்துகினு போவுது” என்று என் மனைவி கலா வாரத்துக்கு ஒருமுறை சொல்வாள். பணி ஓய்வு விழாவில் கல்லூரி முதல்வர் இதையே செந்தமிழில் சொன்னார். கூட்டம் சிரித்தது. நானும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்பவனைப் போலக் குலுங்கிச் சிரித்தேன். சொல்லியாகிவிட்டது. இனி இது வராது.

எங்கள் இயற்பியல் துறையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இளையவர்கள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘உங்கள் ஆராய்ச்சி வாழ்வின் மறக்க முடியாத வெற்றி’ என்று தலைப்பும் அவர்களே கொடுத்தார்கள். மறக்க முடியாதது என்னிடம் நிறைய இருக்கிறது. வெற்றி என்ற சொல்தான் கொஞ்சம் இடித்தது. அதனால் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். போன வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அது வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கல்லூரியில் நான் சேர்ந்தது டெமான்ஸ்ட்ரேட்டராக. ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில், சரக்கு ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கல்லூரி. மாணவர்கள் முப்பட்டகத்தைக் கீழே போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. போட்ட பிறகு துண்டுகளைப் பொறுக்குவதும் என் வேலை. இப்படிப் பொறுக்கிப் பொறுக்கியே ஒளியின் மீது ஒரு பாசம் வந்து, மேலே படித்து, உதவிப் பேராசிரியர் ஆனேன். பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்துகொண்டேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் படிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

வழிகாட்டி, துறைத்தலைவர் ஸ்டெல்லா மேடம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மிளகாய் வத்தல் மண்டி வைத்த குடும்பம். மேடம் பிறந்தது, படித்தது எல்லாம் தண்டையார்பேட்டையில்தான். ஆனால் பேச்சு மட்டும் கடைசிவரை ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லை. ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எழுந்து போகும்போது நம்முடைய விசைப்பலகையைத் தொட்டு நேராக்கி வைத்துவிட்டுப் போவார். அப்படி நேராக்கினால் எங்கோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம். எங்கே என்று சொல்ல மாட்டார். என் விசைப்பலகை பெரும்பாலும் நேராகத்தான் இருந்தது.

வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன், எளிதுதான். டீக்கடை வாசலில் பீடி பிடிப்பவரைப் பாருங்கள். பீடியின் நுனியிலிருந்து எழும் புகை நீலமாக இருக்கும். அவர் வாயிலிருந்து வெளியே விடுவது வெளுப்பாக இருக்கும். புகை ஒன்றுதான், துகளின் அளவுதான் வேறு. நுனியில் பொடித் துகள். வாய்க்குள் போனது ஈரத்தில் ஊதிப் பெருத்துவிடுகிறது. பொடித் துகள்கள் நீல ஒளியோடு மட்டும் அதிகமாக வம்பு செய்யும், சிவப்பை விட்டுவிடும். பெரிய துகள்களுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி மறைக்கும். எனவே ஒரு தூசிப் படலம் நீலத்தில் எவ்வளவு ஒளியைத் தின்கிறது, சிவப்பில் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்தால், கிட்டே போகாமலே துகளின் பருமனைச் சொல்லிவிடலாம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது முட்டை வடிவக் கேலக்ஸிகள். வழவழவென்று, நடுவில் பிரகாசமாகவும் ஓரத்துக்குப் போகப் போக மங்கலாகவும் இருக்கும். அவற்றில் சிலவற்றின் குறுக்கே மட்டும், பூணூல் போட்ட மாதிரி, ஒரு கறுப்புப் பட்டை ஓடும். அதுதான் தூசி. மலைமேல் இருக்கிற தொலைநோக்கி நிலையத்தில் நீலம், பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு என நான்கு வடிகட்டிகள் வழியாகப் படம் எடுத்துக் குறுவட்டில் அனுப்புவார்கள். கறுப்புப் பட்டையை மூடி மறைத்துவிட்டு, மிச்சத்தை வைத்து, தூசியே இல்லாவிட்டால் இந்தக் கேலக்ஸி எப்படி இருந்திருக்கும் என்று ஒரு மாதிரிப் படத்தைக் கணினியில் உருவாக்க வேண்டும். பிறகு உண்மைப் படத்தை மாதிரியால் வகுத்தால், எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி தின்னப்பட்டிருக்கிறது என்று வந்துவிடும். அதிலிருந்து ஓர் எண். நம்முடைய பால்வெளியில் அந்த எண் சராசரியாக மூன்று புள்ளி ஒன்று. எண் கூடினால் துகள் பெரிது, குறைந்தால் பொடி. ஒரு மனிதன் இளமையைத் தொலைப்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

மேடத்திடம் ஒரு வழக்கம் இருந்தது. மலையிலிருந்து வரும் வட்டு முதலில் அவர் கைக்குப் போகும். எங்கள் கணினியில் ஏற்றுவதற்கு முன் ஏதாவது ஒரு கேலக்ஸியில், நான்கு நிறப் படத்திலும், தானே ஒரு பொய்த்தூசிப் பட்டையை வரைந்து சேர்த்துவிடுவார். எந்தத் தொகுப்பில், எந்தக் கேலக்ஸியில், எப்படிப்பட்ட துகள் என்பதெல்லாம் அவருக்கு மட்டும் தெரியும். எங்கேயும் எழுதி வைக்கவும் மாட்டார். எல்லாவற்றுக்கும் எண் கண்டுபிடித்து, முடிவை அவரிடம் கொடுத்த பிறகுதான் கலந்தாரா இல்லையா என்று சொல்வார். நடுவில் ‘இது பொய்’ என்று ஆதாரத்தோடு பிடித்தால் வாழைக்காய் பஜ்ஜி, அவர் செலவில்.

இது அவருடைய அப்பாவின் மண்டி வழக்கம். வத்தல் தரம் பிரிக்கிற பெண்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஒரு மூட்டையில் வேற்றூர் வத்தல் ஒரு கை கலந்து வைப்பாராம். யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பாராம். “ஆனா கண்டுபிடிக்க முடியாதத கலக்க மாட்டாக,” என்பார் மேடம். “காம்பு நீளத்தப் பாத்தா தெரிஞ்சிரும், அப்படிப்பட்ட வத்தலாத்தான் எடுப்பாக. வழி வச்சுக் கலந்தாத்தான் அது பரீட்சை. வழி வைக்காம கலந்தா அது கலப்படம்.”

எங்கள் ஆய்வறையில் இதற்கு ‘கலக்கிறது’ என்றே பெயர். “இந்த வாட்டி கலந்துட்டாங்களா?” என்பது காலை வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்லப்படும். நான் இரண்டு தடவை பஜ்ஜி தின்றிருக்கிறேன். இரண்டு தடவையும் மேடம் கலந்திருந்தது ஒரு கேலக்ஸியிலும் காணாத விபரீதத் தூசி. எண் எங்கோ பறந்தது. என்னைப் போன்றவனே பிடித்துவிட்டேன். அந்தப் பஜ்ஜிதான் என்னைக் கெடுத்தது என்பது பிறகு தெரிந்தது. விபரீதமாக இருந்தால் பொய், ஒழுங்காக இருந்தால் மெய் என்று நாக்கு படித்துவைத்துவிட்டது.

இனி கடைசித் தொகுப்பு.

என் முனைவர் பதிவுக்குப் பல்கலைக்கழகம் இரண்டு முறை நீட்டிப்பு கொடுத்துவிட்டது. மூன்றாவது கிடையாது. அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மேடமும் அதே ஆண்டு ஓய்வு பெறுகிறார். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்றால் இந்தத் தூசிக்கு வேறு வழிகாட்டி இந்தப் பக்கம் கிடையாது. பட்டம் வராவிட்டால் பதவி உயர்வும் கிடையாது. உதவிப் பேராசிரியராகவே உதவிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கலா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே ஒரு டாக்டர் மனைவியாக வாழ்வதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்கு முன்கூட்டியே தெரிவித்தும்விட்டாள்.

இன்னொருவனும் தயாராகிவிட்டான். தேசிங்கு. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவன். அவனுக்கு எதையும் சத்தமாகச் சொன்னால்தான் திருப்தி. ஆய்வேடு கிட்டத்தட்ட முடிந்தது என்று ஒரு பலவீனமான நேரத்தில் அவனிடம் உளறிவிட்டேன். ஒரே வாரத்தில் பிளெக்ஸ் தயார். நான், எனக்குப் பின்னால் ஒரு புலி, அதற்கும் பின்னால் ஒரு கேலக்ஸி. ‘வானத்தையே அளந்த வடசென்னையின் முனைவர்’ என்று எழுத்து. புலி எதற்கு என்று கேட்டேன். “டிசைன்லயே வந்துகீது மாமு, அத்த எட்தா தனி ரேட்டு கேக்குறான்” என்றான்.

கடைசித் தொகுப்பில் பத்துப் பன்னிரண்டு கேலக்ஸிகள். அட்டவணையில் இவற்றின் பெயர்கள் லாரி நம்பர் மாதிரி இருக்கும், வாயில் நுழையாது. ஆகவே நாங்களே பெயர் வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றுக்குத் தங்கம் என்று பெயர். நேர்த்தியான முட்டை, நட்ட நடுவில் ரிப்பன் போலத் தூசிப் பட்டை, எண் சரியாக மூன்று புள்ளி ஒன்று. ஆய்வேட்டின் முதல் படமாக அதைத்தான் வைத்தேன். தேசிங்கின் பிளெக்ஸில் புலிக்குப் பின்னால் இருந்ததும் தங்கம்தான். இன்னொன்றுக்குக் கலீஜ் என்று பெயர். பட்டை ஒழுங்காக ஓடாமல் பிய்ந்து கிடக்கும். அதன் எண் ஐந்தைத் தாண்டிப் போனது. நான்கு நிறத்திலும் ஒளி கிட்டத்தட்ட ஒரே அளவு தின்னப்பட்டிருந்தது. பீடி நுனிப் புகை இல்லை. வாயிலிருந்து வந்த புகை.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பஜ்ஜி வாசனையே வந்துவிட்டது.

ஆனால் ஆதாரம் வேண்டுமே. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஒரு வழி கிடைத்தது. கலீஜின் கறுப்புப் பட்டை மேல் ஒரு சின்ன நட்சத்திரம் தெரிந்தது. அது அந்தக் கேலக்ஸியைச் சேர்ந்தது அல்ல. நம் பால்வெளிக்காரன், நமக்கு மிகவும் அருகில் இருக்கிறவன், பார்க்கிற திசையில் தற்செயலாகக் குறுக்கே நிற்கிறவன். ராயபுரம் கரையில் நின்று கடலில் நங்கூரமிட்ட கப்பலைப் பாருங்கள். கடலில் மூடுபனி இருந்தால் கப்பலின் விளக்கு மங்கும். கரையில் நம் பக்கத்திலுள்ள கம்பத்து விளக்கு மங்காது. அதே கணக்குதான். பட்டை உண்மை என்றால் அது நட்சத்திரத்துக்கு எவ்வளவோ பின்னால் இருக்கிறது. நட்சத்திரம் மங்கவே கூடாது. பட்டை மேடம் கணினியில் வரைந்தது என்றால் அது கேலக்ஸியோடு சேர்த்து நட்சத்திரத்தையும் மங்கச் செய்திருக்கும். பழைய நட்சத்திர அட்டவணை ஒன்றில் அதன் பிரகாசம் இருந்தது. எடுத்து ஒப்பிட்டேன்.

மங்கவில்லை. இம்மியும் இல்லை.

கலீஜ் பொய் இல்லை. பஜ்ஜி போனது. ஆனால் அதற்குப் பதிலாக வந்தது பெரிய விஷயம்: எங்கேயோ ஒரு கேலக்ஸியில் துகள்கள் உண்மையாகவே ஊதிப் பெருத்திருக்கின்றன. சரக்கு ரயில் ஒன்று ஜன்னலை அதிர வைத்துக்கொண்டு போனது. எனக்கென்னவோ எனக்காகத்தான் அதிர்வதாகத் தோன்றியது.

மறுநாள் மாலை முடிவுகளோடு மேடம் அறைக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். கலீஜைப் பற்றி, நட்சத்திரத்தைப் பற்றி, கரை விளக்கைப் பற்றி எல்லாம் சொன்னேன். மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

“நல்ல வேல செஞ்சிருக்கீங்க குணா சார். அத நான் தொடவே இல்ல. நெசந்தான்.”

நான் கிட்டத்தட்ட டாக்டராகவே நாற்காலியில் சாய்ந்தேன்.

“அந்த நட்சத்திரக் கணக்க மத்ததுக்கும் போட்டுப் பாத்தீங்களா?”

“இல்ல மேடம். மத்ததெல்லாம் சரியா வந்துடுச்சே.”

“எது சரியா வந்துச்சு?”

“எண் மேடம். மூணு புள்ளி ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல.”

மேடம் மிச்ச டீயைக் குடித்து முடித்தார். பிறகு, முடிவுகள் இருந்த என் கோப்பினை மேசையில் நேராக்கி வைத்தார். விசைப்பலகை பக்கத்தில் இல்லாததால் கோப்பு.

“அப்ப நான் கலந்தது உள்ளதான் கிடக்கு,” என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. இந்தத் தடவை மேடம் விபரீதத் தூசியைக் கலக்கவில்லை. புத்தகத்தில் இருக்கிற தூசியையே, நான் எதிர்பார்க்கிற எண்ணையே வைத்திருக்கிறார். பார்த்ததும் நான் நிம்மதியாகத் தாண்டிப் போகிற ஒன்றை. தாண்டித்தான் போயிருக்கிறேன்.

அடுத்து அவர் சொன்னதை இன்றுவரை என் மனைவி எனக்கு நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறாள். ஆய்வேடு கொடுக்க அதிக நாள் இல்லை, எது என்று நானே சொல்லிவிடுகிறேன், அதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நியாயமான பேச்சு. கலந்தது அவர், எடுத்துத் தருவதும் அவர். எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு குற்றம் சொல்லியிருக்க முடியாது.

“நான் வச்சது எதுலன்னா…” என்று தொடங்கினார்.

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

வயது நாற்பதைத் தாண்டிய ஆள், கல்லூரி ஆசிரியர், துறைத்தலைவர் முன்னால், எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி காதைப் பொத்திக்கொண்டு, “வேணாம் மேடம், சொல்லாதீங்க மேடம்” என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினேன். தாழ்வாரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

இதில் உயர்ந்த கொள்கை எதுவும் இல்லை. மண்டியில் வத்தல் பிரிக்கிற ஆளாக என்னைச் சேர்த்திருந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள் என்கிற ரோஷம்தான். இரண்டே நாளில் கண்டுபிடித்து, மேடம் மூக்கு உடைவதைப் பார்த்துவிட்டு, ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் கணக்குகள் பொதுவாக எப்படி என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நட்சத்திரம் உள்ள பட்டைகளை முதலில் எடுத்தேன். ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். மங்கவில்லை, மங்கவில்லை, மங்கவில்லை. தங்கத்தைக் கடைசியில்தான் எடுத்தேன். அது பொய்யாக இருக்க வாய்ப்பே இல்லை என்பதால் கடைசி.

தங்கத்தின் பட்டை மேல் இரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. இரண்டும் மங்கியிருந்தன. நீலத்தில் அதிகமாக, சிவப்பில் குறைவாக, மூன்று புள்ளி ஒன்று என்கிற கணக்குப்படி அழகாக மங்கியிருந்தன. நட்சத்திரங்கள் மங்கிய அளவைப் பட்டையிலிருந்து கழித்துப் பார்த்தால், தங்கத்தில் தூசியே கிடையாது. ஒரு துளிகூட இல்லாத, துடைத்து வைத்த முட்டை. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், பிளெக்ஸில் புலிக்குப் பின்னால், ஊரறிய நான் காட்டிக்கொண்டிருந்த உலகத்திலேயே சிறந்த தூசி, ஸ்டெல்லா மேடம் ஒரு மத்தியான வேளையில் உட்கார்ந்து வரைந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய்யைப் பிடித்தாயிற்று, இன்னும் நாள் இருந்தது. ஆனால் ஒரு கேள்வி போக மாட்டேன் என்றது. நட்சத்திரமே இல்லாத பட்டைகள் நான்கைந்து இருந்தனவே, அவற்றை எப்படி நம்பினேன்? எடுத்து மறுபடி செய்து பார்க்கத் தொடங்கினேன்.

மாதிரிப் படம் உருவாக்கும்போது கறுப்புப் பட்டையை மூடி மறைக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? எவ்வளவு அகலத்துக்கு மூடுவது என்பது நம் கையில் இருக்கிறது. பட்டையின் ஓரம் கோடு போட்ட மாதிரி முடிவதில்லை. மெல்ல மெல்லக் கரையும். கொஞ்சம் அதிகம் மூடினால் எண் ஒரு பக்கம் நகரும். குறைத்து மூடினால் மறுபக்கம். நான் என்ன செய்திருந்தேன் என்றால், மூடுவதைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டே போய், எண் மூன்று புள்ளி ஒன்றுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தியிருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. எண் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கை தானாக ஓய்ந்துவிட்டது. எண் வராத கலீஜ் மேல் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டவன், எண் வந்தவற்றை ஒரு மத்தியானம்கூடச் சந்தேகப்படவில்லை. மேடம் கலந்தது ஒன்றுதான். நான் கலந்தது மூன்று நான்கு தேறும்.

அத்தனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், இந்தத் தடவை மூடுகிற அகலத்தை எண் தெரிவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டு. மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

“நாள் போதாதே சார்.”

“போதாது மேடம்.”

“தங்கத்த மட்டும் எடுத்துட்டுக் குடுத்தாலும் நான் கையெழுத்துப் போடுவேன். யாரும் கேக்க மாட்டாங்க.”

“தெரியும் மேடம்.”

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு மேசை மீதிருந்த என் கோப்பினை எடுத்து, வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக வைத்தார். என் பணிக்காலத்தில் நான் வாங்கிய ஒரே விருது அதுதான்.

கல்வியாண்டு முடிந்தது. பதிவு ரத்தாகிவிட்டது என்று பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தது. நாங்கள் எல்லாவற்றையும் திரும்பச் செய்து முடித்தபோது மேடம் ஓய்வு பெற்றுப் பல மாதங்கள் ஆகியிருந்தன; பஸ் ஏறி வந்து, அதே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்வார். புதிய எண்கள் மூன்று புள்ளி ஒன்றைச் சுற்றி நல்ல பிள்ளைகளாக உட்காரவில்லை. ஒன்று கீழே, ஒன்று மேலே, கலீஜ் எங்கோ உயரத்தில். எல்லாக் கேலக்ஸியிலும் தூசி ஒரே மாதிரி இல்லை என்று எழுதி அனுப்பினோம், அச்சானது. பிற்பாடு வேறு நாட்டுக்காரர்கள் பெரிய தொலைநோக்கியில் கலீஜைப் பார்த்துவிட்டு எங்கள் எண்ணுக்குப் பக்கத்திலேயே சொன்னார்கள். அவர்கள் அதைக் கலீஜ் என்று அழைக்கவில்லை, அது ஒன்றுதான் வருத்தம்.

வீட்டில் கலா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அந்த அம்மா சொல்கிறேன் என்றபோது ஒரே ஒரு காதையாவது திறந்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். இப்போதும் கேட்கிறாள். என்னோடு சேர்ந்தவர்கள் இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று ஏறிப் போனபோது, நான் மகிழ்ச்சியாக வாழ்த்தினேன் என்று எழுத ஆசைதான். வாழ்த்தினேன்.

தேசிங்கு விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் தலையிலேயே அடித்துக்கொண்டான். “அவங்களே சொல்றேன்னாங்க, நீ காதப் பொத்திகினியா? இன்னா மாமு நீ, உன்னிய நம்பி புலியெல்லாம் வெச்சனே.” போட்ட பிளெக்ஸை வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை. துறைமுகத்தில் நெத்திலி காயப்போட விரித்துவிட்டான். பல பருவம் என் முகத்தின் மேல் கருவாடு காய்ந்தது. வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்த பிறகும் ‘முனைவர்’ மட்டும் அழியவில்லை. அதனால் காசிமேட்டில் இன்றும் எனக்கு டாக்டர் என்றுதான் பெயர். மீன் வாங்கப் போனால் முட்டிவலிக்கு மருந்து கேட்கிறார்கள். வெந்நீர் ஒத்தடம் சொல்கிறேன். இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.

மேடம் இப்போது இல்லை. இந்தக் கட்டுரையை அவர் படித்திருந்தால் எந்த இடத்தில் தாளை நேராக்கி வைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

போன வார அழைப்புக்கு வருகிறேன். அதே ஆய்வறையில் இப்போது உதவிப் பேராசிரியராக இருப்பவர் பர்வீன். அவர் குழு ஒரு கணினி நிரலுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறது. நாங்கள் ஒரு வருடத்தில் செய்ததை அது டீ ஆறுவதற்குள் செய்துவிடுகிறது, ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள். மூடுவது, மாதிரி செய்வது, வகுப்பது எல்லாம் அதுவே. யாரோ பழைய கதையைச் சொல்லியிருக்கிறார்கள் போல. பர்வீன் படத் தொகுப்பின் பிரதியை எனக்கு அனுப்பி, “பழைய வழக்கப்படி நீங்க ஒண்ணு கலந்து குடுங்க சார், நிரலுக்கு ஒரு சோதனையா இருக்கும்” என்று கேட்டார். ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கலந்து அனுப்பினேன்.

போன வாரம் மத்தியானம் போன். குரலிலேயே பஜ்ஜி வாசனை.

“சார், மாட்டினீங்க! ஒண்ணுல எண் ஆறுக்கு மேல போகுது. இவ்ளோ பெரிய துகள் எங்கயும் கெடையாது. நீங்க வச்சதுதானே?”

“அத நான் தொடவே இல்லையேம்மா.”

அந்தப் பக்கம் தூரத்தில் சரக்கு ரயில் போவது மட்டும் கேட்டது. இன்னும் அதே பாதை.

“அப்போ… நீங்க வச்சது?”

“உள்ளதான் கிடக்கு.”

“சார், இந்த வாரக் கடைசிக்குள்ள கட்டுரைய அனுப்பியாகணும் சார்.”

எனக்குப் பாவமாக இருந்தது. மேடம் எனக்குச் செய்ததை நானும் செய்வதுதான் முறை. “சரிம்மா, எதுலன்னு நானே சொல்லிடுறேன். எழுதிக்கோ. அது…” என்று தொடங்கினேன்.

போனில் ஒலி நின்றுபோனது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், திரை இருட்டாக இருந்தது. ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த கலா திரும்பிப் பார்த்தாள்.

“இன்னா, லைன் கட்டாயிடுச்சா?”

“இல்ல,” என்றேன். “காதப் பொத்திகினா.”